ஒன்றுமில்லாத 1,044 படங்கள்

சென்ற வாரம் இரண்டு நாள்கள் முழுக்க எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து 1,044 படங்கள் எடுத்தேன். அவற்றுள் ஒன்றில்கூட எலும்போ, வார்ப்படமோ, மின்சுற்றுப் பலகையோ, பார்ப்பதற்கென்று வைத்த வேறெந்தப் பொருளோ கிடையாது. 384 படங்கள் கதிரே படாமல் எடுத்தவை. மீதமுள்ள 660 படங்கள் கதிர் மட்டும் பட்டவை. ஒவ்வொரு படமும் 3072-க்கு 3072 பிக்சல், பிக்சலுக்கு 16 பிட் என்பதால், ஏறத்தாழ 20 ஜிகாபைட் அளவுக்கு வெறுமையை வட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். எட்டிப் பார்த்த ஒருவர், இதற்கா இரண்டு நாள் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு மாதங்களுக்கு முன் இதே வேலையை நான் அரை நாளில் முடித்திருந்தேன் என்பதையும், அப்படி முடித்ததால்தான் இப்போது இரண்டு நாள் தேவைப்பட்டது என்பதையும் அவரிடம் சொல்லவில்லை.

எக்ஸ்-கதிரை வாங்கிப் படமாக்கும் எங்கள் டிடெக்டர் 43 சென்டிமீட்டர் சதுரமான தட்டைப் பலகை. மேலே சீசியம் அயோடைடு அடுக்கு. அதில் எக்ஸ்-கதிர் பட்டால் பச்சை ஒளி பிறக்கிறது. அதன் அடியில் படிகமற்ற சிலிக்கானால் ஆன ஒளி டயோடுகள் அந்த ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்துவைக்க, மெல்லிய டிரான்சிஸ்டர்கள் வரிசை வரிசையாகத் திறந்து அதை வாசித்து வெளியே அனுப்புகின்றன. 94 இலட்சம் பிக்சல்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. கதிர் எதுவும் படாதபோதே ஒவ்வொரு பிக்சலும் தனக்கென்று ஓர் எண்ணைக் காட்டும். கதிர் பட்டால் ஒன்று சற்றுக் கூடுதலாகவும் பக்கத்தில் இருப்பது சற்றுக் குறைவாகவும் பதில் சொல்லும். ஆகவே கதிரில்லாப் படத்தை, டிடெக்டர் தரும் திருத்தாத கச்சாப் படத்திலிருந்து கழித்து, அதேபோல் கழித்த வெறுங்கதிர்ப் படத்தால் வகுத்து, அந்த வெறுங்கதிர்ப் படத்தின் சராசரியால் பெருக்கினால்தான் பார்க்கத்தக்க படம் கிடைக்கும். முதல் வகையை நாங்கள் டார்க் என்றும் இரண்டாவது வகையை ஃபிளாட் என்றும் அழைக்கிறோம். சமன்பாடு ஒரே வரியில் முடிந்துவிடும். அதற்குள் இடும் படங்களைச் சேகரிப்பதில்தான் அத்தனை வில்லங்கமும் இருக்கிறது. இனி எடுக்கப்போகும் எல்லாப் படங்களும் இவற்றால் கழிக்கப்பட்டு, இவற்றால் வகுக்கப்பட்டே வெளிவரும் என்பதால், இவற்றில் இருக்கும் குறை எல்லாவற்றிலும் இருக்கும்.

டார்க் படம் எடுப்பது எளிது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். கதிரை நிறுத்திவைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் போதாதா? போதாது. டயோடுகளின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பநிலை சுமார் 7, 8 டிகிரி செல்சியஸ் கூடினாலே அது ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். டிடெக்டரை இயக்கிப் பத்து நிமிடத்தில் எடுத்த டார்க் படத்தையும், ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்ததையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தேன். வாசிப்புச் சில்லுகள் அமைந்திருக்கும் விளிம்பிலிருந்து உள்நோக்கி, அடுப்பருகே வைத்த தாள் பழுப்பேறுவதுபோல், ஒரு சாய்வு தெளிவாகத் தெரிந்தது. சில்லுகள் சூடேறச் சூடேற அந்த விளிம்பு மட்டும் உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. பத்து நிமிட டார்க்கை நாள் முழுவதும் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சாய்வு ஒவ்வொரு படத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் டிடெக்டரை இயக்கிவிட்டு, அதன் உட்புற வெப்பநிலை அரை மணி நேரத்துக்கு அசையாமல் நிற்கும்வரை ஒரு படமும் எடுப்பதில்லை.

கசிவு சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒரு படத்துக்கு மின்னூட்டம் சேரவிடும் நேரம் மாறினால் டார்க் படமும் மாறும். நாங்கள் மூன்று நேர அளவுகளைப் பயன்படுத்துகிறோம். மூன்றுக்கும் தனித்தனியே 64 படங்கள், அதுவும் ஃபிளாட் எடுக்கும் முன் ஒருமுறை, எடுத்து முடித்தபின் ஒருமுறை. பின்னதை எடுக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. படிகமற்ற சிலிக்கான் வாங்கிய மின்னூட்டத்தை முழுவதும் உடனே திருப்பித் தராது. கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த படங்களில் மெல்ல விடும். வலுவான ஃபிளாட் வரிசை ஒன்றை முடித்த கையோடு டார்க் எடுத்தால், அது டார்க்காக இருக்காது. சற்றுமுன் பட்ட கதிரின் எச்சமாகவே இருக்கும். எனவே வெறுமனே படங்களை வாசித்து வீசிக்கொண்டே காத்திருந்து, தொடர்ந்து வரும் படங்களின் சராசரி இறங்குவது நின்றபிறகே சேமிக்கத் தொடங்குகிறேன். காத்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தைத்தான் அவசரக்காரர்கள் முதலில் வெட்டுவார்கள்.

ஃபிளாட் படத்தில் வேலை இன்னும் நுணுக்கமானது. டிடெக்டர் முழுவதும் கதிர் சீராகப் பட வேண்டும் என்று கையேடுகள் ஒரு வரியில் எழுதிவிடுகின்றன. சீரான கதிர் என்று உலகில் ஒன்று கிடையாது. எக்ஸ்-கதிர்க் குழாயில் கதிர் பிறக்கும் உலோக இலக்கான ஆனோடின் பக்கம் கதிர் மங்கலாக இருக்கும், ஏனெனில் அந்தத் திசையில் வெளிவரும் கதிர் ஆனோடின் உலோகத்துக்குள்ளேயே அதிக தூரம் கடக்க வேண்டியிருக்கிறது. ஹீல் விளைவு என்பது இதுதான். அதோடு மூலைகள் நடுப்பகுதியைவிடக் குழாயிலிருந்து தூரத்தில் இருக்கின்றன, கதிரும் அங்கே சாய்ந்து விழுகிறது. எங்கள் அளவுப் பலகையை 100 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், இந்த வடிவியலால் மட்டுமே மூலையில் விழும் கதிர் நடுவில் விழுவதைவிடச் சுமார் 12 விழுக்காடு குறையும். 180 சென்டிமீட்டரில் வைத்தால் குறைவு 4 விழுக்காடுதான். ஃபிளாட்டால் வகுக்கும்போது இந்தச் சரிவும் சேர்ந்தே நேராகிவிடும் என்பது உண்மை, ஆனால் அந்தத் தூரத்துக்கு மட்டும். 100 சென்டிமீட்டரில் எடுத்த ஃபிளாட்டை 180 சென்டிமீட்டர் படத்துக்குப் போட்டால் மூலைகள் சுமார் 9 விழுக்காடு தூக்கிக்கொண்டு நிற்கும். எந்தத் தூரத்தில் வேலை செய்யப்போகிறோமோ அந்தத் தூரத்தில்தான் ஃபிளாட் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கற்றையின் தன்மையும் அப்படியே. 50 கிலோவோல்ட் கதிரும் 110 கிலோவோல்ட் கதிரும் சீசியம் அயோடைடு அடுக்கில் ஒரே ஆழத்தில் உறிஞ்சப்படுவதில்லை. அடுக்கின் தடிமனில் இருக்கும் சிறு வேறுபாடுகள் ஒரு மின்னழுத்தத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் வெளிப்படும். அதனால்தான் 50, 70, 90, 110 என்று நான்கு மின்னழுத்தங்களில் எடுத்தேன். பொருளைக் கடந்து வரும் கதிர் வடிகட்டப்பட்டுக் கடினமாகியிருக்கும் என்பதால் வெறுங்கற்றையில் ஃபிளாட் எடுப்பதும் முழுப் பொருத்தம் ஆகாது. குழாயின் வாயிலில் அலுமினியத் தகடு வைத்து அந்த நிலைமையைப் போலி செய்கிறோம். டிடெக்டரின் திறனை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையில் வரும் ஆர்க்யூஏ 5 என்ற கற்றைக்கு 21 மில்லிமீட்டர் அலுமினியம் சேர்க்கப்படுகிறது. எங்கள் 70 கிலோவோல்ட் வரிசைக்கு அதையே எடுத்துக்கொண்டோம். தகடு குழாயை ஒட்டியே இருக்க வேண்டும். டிடெக்டர் அருகில் வைத்தால் தகட்டிலிருந்து சிதறும் கதிரும் வந்து விழும், தகட்டின் கீறல்களும் கூர்மையாகப் பதியும். குழாயருகே இருந்தால் கீறல் பெரிதாகி மங்கிப் பரவிவிடும் என்பது ஆறுதல்தான். ஆனாலும் மட்டமான தகட்டின் உருட்டுத் தடங்கள் அந்த மங்கலையும் தாண்டித் தெரிவதுண்டு. நான் தகட்டை ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் திருப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தகட்டோடு சேர்ந்து நகர்வது தகட்டின் குறை, நகராதது டிடெக்டரின் குணம்.

கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரை முழுக்கத் திறக்க வேண்டும், சிதறல் தடுக்கும் கிரிட்டைக் கழற்ற வேண்டும், தானியங்கிக் கதிரளவுக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டும், மென்பொருள் செய்யும் அழகுபடுத்தல்கள் அனைத்தையும் நிறுத்தி 16 பிட் கச்சாப் படத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்பவை யாவரும் அறிந்தவை. மென்பொருள் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: கச்சாப் படம் என்று பெயரிட்டுத் தரப்படும் கோப்பிலேயே பழைய திருத்தம் ஏற்கெனவே ஏறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். புது ஃபிளாட் சந்தேகப்படும்படி அழகாக இருந்தால் அதுதான் காரணம். உண்மையான கச்சாப் படம் அசிங்கமாக இருக்கும். வாசிப்புச் சில்லுகளின் எல்லைகள் பட்டைபட்டையாகத் தெரியும்.

கதிரளவை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் படிக்கு 32 படங்கள் எடுத்தேன். பிக்சல்கள் முழுக்க நேர்கோட்டில் பதில் சொல்வதில்லை என்பதால், மங்கலான கதிருக்குக் கணித்த திருத்தம் பிரகாசமான கதிருக்குச் சற்றே பிசகும். உச்சப் படியில் நடுப்பகுதியின் சராசரியை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது ஆபத்து. முதல் நாள் 50 கிலோவோல்ட் வரிசையின் உச்சப் படியில் நடுவில் 54,000 சுற்றி இருந்தது, 65,535 என்ற உச்ச எண்ணுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று தொடரப் போனேன். எந்த எண் எத்தனை பிக்சல்களில் வருகிறது என்று காட்டும் எண்பரவலைத் திறந்து பார்த்தால் வலது ஓரத்தில் ஊசி முனைபோல் ஒரு கூர். ஆனோடுக்கு எதிர்ப்புறமான கேதோடு பக்கத்தில், கதிர் வலுவாக விழும் ஓரத்தில், உணர்திறன் மிகுந்த சில ஆயிரம் பிக்சல்கள் நிறைவுற்று 65,535-லேயே நின்றுவிட்டிருந்தன. அந்தப் பிக்சல்களுக்கு உணர்திறன் குறைவு என்று கணக்கு தவறாக எழுதிக்கொண்டிருக்கும். மில்லி ஆம்பியரைக் குறைத்து, 32 படங்களையும் மறுபடி எடுத்தேன்.

ஏன் 32? ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 எக்ஸ்-கதிர்த் துகள்கள் பதிவாகின்றன என்று கொண்டால், இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. ஒரே ஒரு ஃபிளாட்டால் அதே கதிரளவில் எடுத்த படத்தை வகுத்தால், இரண்டின் இரைச்சலும் சேர்ந்து 1.41 மடங்காகும். 16 ஃபிளாட்டுகளின் சராசரியால் வகுத்தால் கூடுதல் இரைச்சல் 3 விழுக்காடு, 32 என்றால் ஒன்றரை விழுக்காடு, 64 என்றால் 0.8. இதைவிட முக்கியமானது வேறொன்று. ஃபிளாட்டில் இருந்த தற்செயலான இரைச்சல், ஃபிளாட்டாக ஆன கணத்திலிருந்து தற்செயலாக இருப்பதில்லை. அது அசையாத கோலமாகிவிடுகிறது. பொருளை நூறு முறை படமெடுத்துச் சராசரி கண்டாலும் அந்தக் கோலம் அழியாது, ஏனென்றால் நூறு படங்களிலும் அதே இடத்தில் அதே அளவில் அது இருக்கிறது. பொருளைச் சுழற்றி முப்பரிமாணப் படம் அமைப்பவர்களுக்கு அதுவே சுழலச்சைச் சுற்றிய வளையங்களாகக் காட்சி தரும்.

32 படங்களுக்கும் நேர்ச் சராசரி எடுப்பதைவிட, முதலில் ஒவ்வொரு படத்தையும் அதன் சொந்தச் சராசரியால் சமப்படுத்திவிட்டுப் பிக்சல்வாரியாக இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுப்பதை நான் விரும்புகிறேன். குழாயின் வெளிப்பாடு படத்துக்குப் படம் கொஞ்சம் அலையும். தொடரின் முதல் படம் பெரும்பாலும் தனித்து நிற்கும், அதை எறிந்துவிடுகிறேன். குழாய்க்கும் மூச்சு வாங்க நேரம் வேண்டும். 21 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குப் பின்னால் போதிய கதிர் கிடைக்க அதை நன்றாக ஓட்ட வேண்டியிருப்பதால், இரண்டு நாளில் பெரும்பகுதி ஆனோடு ஆறுவதற்காகக் காத்திருந்த நேரம்தான். அறைக்குள் பொருள் எதுவும் இல்லை என்பதால் கதவுப் பூட்டையும் எச்சரிக்கை விளக்கையும் அலட்சியமாக நினைக்கும் மனப்பான்மை வரக்கூடும். 660 முறைக்கும் மேல் கதிர் பாய்ந்த நாள்கள் இவை என்பதை நினைவில் வைத்து, உடலில் படும் கதிரை அளக்கும் கதிரளவுப் பட்டையை மறக்காமல் அணிந்துகொண்டேன்.

இனி அந்த அரை நாள் கதை. ஆறு மாதங்களுக்கு முன், கற்றையின் நடுவும் டிடெக்டரின் நடுவும் பொருந்துகின்றனவா என்று பார்க்க, டிடெக்டரின் மேலுறையில் அலுமினிய ஒட்டுப்பட்டைத் துண்டுகளை நானே ஒட்டினேன். சரிபார்த்து முடித்து, எடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் ஃபிளாட் எடுக்கத் தொடங்கினேன். ஒரு துண்டு, விரல் நகத்தளவு அகலமும் ஆள்காட்டி விரல் நீளமும் உள்ளது, பலகையின் கீழ்ப்பகுதியிலேயே இருந்திருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தத் துண்டு எங்கள் கற்றையில் 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே கதிரைத் தடுக்கும். ஒரு தனிப் படத்தின் பிக்சல் இரைச்சலும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால், திரையில் விரைவாக ஓடிய முன்காட்சிகளில் அது என் கண்ணில் படவில்லை. சராசரியில் இரைச்சல் அடங்கிவிடும், துண்டு அடங்காது. அதைப் பார்த்திருக்க வேண்டும். சராசரிப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை. மறுநாள் துடைக்கும்போது துண்டு உரிந்து குப்பைக்குப் போய்விட்டது.

சில வாரங்கள் கழித்து, வார்ப்படங்களைச் சோதிக்கும் நண்பர் ஒருவர், ஒரு வார்ப்படத்தின் ஓரத்தில் பள்ளம் இருப்பதுபோல் தோன்றுகிறது, நீள்சதுரமாக இருப்பதுதான் புரியவில்லை என்று படத்தைக் காட்டினார். இயற்கை நீள்சதுரமாகப் பள்ளம் தோண்டாது. வார்ப்படத்தைத் திருப்பி வைத்தார். பள்ளமாகத் தோன்றிய வெளிச்சப் பட்டை திரும்பவில்லை. வேறு வார்ப்படத்தை வைத்தார். பட்டை அதே இடத்தில். கச்சாப் படத்தைத் திறந்தால் பட்டையே இல்லை. அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. ஃபிளாட்டின் சராசரியைத் திறந்தேன், அங்கே கீழ்ப்பகுதியில் இலேசான இருண்ட பட்டை, ஒரு மூலை மடங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. இருண்டதால் வகுத்தால் வெளிச்சமாகத்தானே வரும். குப்பைக்குப் போன ஒட்டுப்பட்டை ஒன்று எங்கள் படங்கள் அத்தனையிலும் தலைகீழாக வாழ்ந்துகொண்டிருந்தது. கச்சாப் படங்களைத் தேதி, மின்னழுத்தம், தூரம், ஃபில்டர், வெப்பநிலை ஆகியவற்றோடு சேமித்து வைத்திருந்ததால், சுத்தமான ஃபிளாட் எடுத்தபின் பழையவற்றை மறுபடி திருத்திக்கொள்ள முடிகிறது. அப்படிச் சேமிக்காமல் திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்ட சில தொகுதிகளுக்கு, அந்தப் பட்டையின் எல்லைக்குள் எதையும் நம்ப வேண்டாம் என்று குறிப்பு எழுதி இணைத்திருக்கிறேன்.

இம்முறை ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சராசரிப் படத்தின் காட்சி எல்லையை 2 விழுக்காட்டுக்குக் குறுக்கி, மூலைமூலையாகப் பார்த்தேன். மேலுறையை ஈரத்துணியால் துடைத்து, சாய்வாக விளக்கடித்துத் தூசியும் பார்த்தேன். கேலிக்குரியதாகத் தோன்றலாம், செய்தவனுக்குக் கேலி தோன்றவில்லை.

பழுதான பிக்சல்களின் பட்டியலும் இதே படங்களிலிருந்தே கிடைக்கிறது. டார்க்கில் எப்போதும் உச்சத்தில் நிற்பவை, ஃபிளாட்டில் அசையாதவை, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் மிகவும் விலகி நிற்பவை என்று அடையாளம் கண்டு, அவற்றின் இடத்தை அண்டைப் பிக்சல்களைக் கொண்டு நிரப்புகிறோம். வரம்பை இறுக்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், படமும் பளிச்சென்று வரும். ஆனால் நிரப்பிய இடம் ஒவ்வொன்றும் நாம் பார்க்காமல் ஊகித்த இடம். தனிப் பிக்சல் என்றால் பாதகமில்லை. நான்கைந்து பிக்சல்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் அதற்குள் ஒரு நுண்விரிசல் ஒளிந்துகொள்ள முடியும். நான் வரம்பைத் தளர்வாகவே வைக்கிறேன், கொத்துகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்துப் படத்தின் மேல் குறியிட்டுக் காட்டுகிறேன்.

கடைசியாகச் சரிபார்ப்புக்கு 20 படங்கள், மின்னழுத்தத்துக்கும் படிக்கும் ஒன்றாக. இவை சராசரியில் சேராதவையாக இருக்க வேண்டும். சராசரியில் சேர்ந்த படத்தையே சோதித்தால், வினாத்தாள் எடுத்தவரே விடையும் எழுதியதுபோல் மதிப்பெண் நன்றாகத்தான் வரும். தொடர்ந்து எடுத்த இரு படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் நிலையான கோலம் அற்றுப்போய்த் தற்செயல் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதன் திட்டவிலக்கத்தை 1.41-ஆல் வகுத்து, திருத்திய தனிப் படத்தின் திட்டவிலக்கத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒட்டி வந்தால் கோலம் ஏதும் மிச்சமில்லை என்று பொருள். 20-இல் 19 ஒட்டி வந்தன.

ஒட்டாதது 110 கிலோவோல்ட்டின் கீழ்ப்படி. திருத்திய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், 1,877-ஆம் நெட்டு வரிசை மேலிருந்து கீழ்வரை மயிரிழைபோல் ஒளிர்ந்தது. டார்க் படங்களைத் தேதி, நேரப்படி அடுக்கிப் பார்த்தால், காலையில் எடுத்தவற்றில் அது ஒழுங்காக இருக்கிறது. மாலையில் எடுத்த 192 படங்களில் 11-இல் மட்டும் குதிக்கிறது. அந்த வரிசையைப் பழுதுப் பட்டியலில் சேர்த்து, பக்கத்தில் தேதியும் கேள்விக்குறியும் இட்டிருக்கிறேன். அடுத்த வாரம் டிடெக்டரை வேண்டுமென்றே சூடேற விட்டு, அந்த ஒரு வரிசைக்காக இன்னும் கொஞ்சம் வெறும் படங்கள் எடுக்க வேண்டும்.